அடுப்படி வரை வந்த சட்டம்

மெல்லியதாக நறுக்கிய மாட்டிறைச்சியை பீன்ஸ், கேரட், குடைமிளகாயுடன் பெருந்தீயில் வதக்கி எடுக்கப் பத்து நிமிடங்கள் போதும். மகாராஷ்டிரத்தில் 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் அந்தப் பத்து நிமிடங்களையும் குற்றமாக்கியது. காளை, எருதுகளை வெட்டுவதற்குத் தடை விதித்ததோடு, வெளிமாநிலத்தில் வெட்டப்பட்ட இறைச்சியை வீட்டில் வைத்திருப்பதையும் தண்டனைக்குரியதாக்கியது.

2016 மே 6 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம், தனியுரிமையை மீறுவதாகக் கூறி இந்தப் பிரிவை ரத்து செய்தது. வெட்டுவதற்கான தடை நீடித்தது. அதாவது, சமைக்கலாம், ஆனால் கறி மாநிலத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். அன்றாடக் கூலியில் வாழ்பவர் எல்லை கடந்து சென்று கறி வாங்கி வருவாரா?

எருமைக்குத் தடையில்லையே என்பர். உண்மைதான். ஆனால், வாணலியில் வதங்குவது எருமையா, எருதா எனக் கண்ணால் கண்டு சொல்ல இயலாது. தன் வீட்டுக் கறி சட்டத்துக்கு உட்பட்டதே என மெய்ப்பிக்கும் சுமையைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதே ஏற்றிய பிரிவையும் அதே தீர்ப்பு நீக்கியது. நீதிமன்றத்துக்கு வெளியே அச்சுமை நீங்கிவிடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில், உத்தரப் பிரதேசத்தின் தாத்ரி அருகே முகமது அக்லாக்கை வீடு புகுந்து அடித்துக் கொன்ற கும்பல், எந்த ஆய்வக அறிக்கைக்காகவும் காத்திருக்கவில்லை.