வகுப்பறைக்கு வெளியே ஒரு ஆங்கிலம்



எங்க ஊர் ஓவேலி. கூடலூரிலிருந்து பஸ் ஏறணும். இந்தப் பேரே இங்கிலீஷ்தான் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 19ஆம் நூற்றாண்டில் இங்கே காப்பி எஸ்டேட் போட்ட வெள்ளைக்காரக் குடும்பம் ஆக்டர்லோனி. 'ஆக்டர்லோனி வேலி' சுருங்கி 'ஓவேலி' ஆனது. அது முள்வேலி இல்லை நண்பர்களே, பள்ளத்தாக்கு!

பார்வுட், சீஃபோர்த், லாரஸ்டன் என்று வாய் நிறையச் சொல்கிற எங்க ஆளுங்க பலர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். எங்க அம்மா கைநாட்டு. ஆனால் செக்ரோல், போனஸ், கிராஜுவிட்டி எல்லாம் அவங்க வாயில் தமிழ் மாதிரியே வரும். நிலப் பேச்சு வந்தால் வெற்றிலை இடிக்கிற கிழவிகூட 'செக்ஷன் பதினேழு' என்பாள். 1969இல் வந்த கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தில் குத்தகை எஸ்டேட் நிலங்களைப் பற்றிய பிரிவு அது. அவள் குடியிருக்கிற மண் அதில் மாட்டியிருக்கிறது. அதனால் அந்த வார்த்தை அவளுக்குப் பாடமாகிவிட்டது.

பிறகு "நமக்கு இங்கிலீஷ் வராது" என்று சொன்னது யார்?

இப்போது என் கதைக்கு வருகிறேன். எங்க குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். முதலாண்டு ஆங்கிலத் தாளில் 74 மார்க். ஊரில் ஒரே பெருமை! ஒரு சனிக்கிழமை பக்கத்து லைன் வீட்டுப் பாட்டி ஒரு கடிதத்தோடு வந்தார். "தம்பி, காலேஜ் படிக்கிறியே, இத வாசிச்சுச் சொல்லுய்யா." எஸ்டேட்டில் ரிட்டயர் ஆன பணத்துக்கு எழுதிப் போட்டதற்கு வந்த பதில். நாலே வரிதான். 'டிஸ்கிரிபன்சி' என்று ஒரு வார்த்தை. எனக்கு விளங்கவில்லை. 'ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ்' தெரிந்தவனுக்குப் பாட்டியின் பணம் ஏன் நின்றது என்று தெரியவில்லை! "பரவாயில்லய்யா" என்று கடிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை.

மறுநாள் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்கிடம் கேட்டேன். 'பொருந்தாமை' என்றார். பேரில்தான் பொருத்தமில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அந்தக் கணக்கில் சின்னப் பிள்ளையாகக் கப்பலில் வந்தவர் இந்தப் பாட்டி. பேமிலி கார்டில் ஒரு ஸ்பெல்லிங், செக்ரோலில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங். மூன்றும் இங்கிலீஷ் எழுத்து. மூன்றையும் எழுதியவர்கள் வேறு யாரோ. முப்பது வருஷம் கொழுந்து கிள்ளியவரின் பணம் ஒரே ஒரு எழுத்தில் தொங்கியது!

நாம் படிக்கிற ஆங்கிலம் பரீட்சை ஹாலோடு முடிந்துபோகிறது. அதுதான் கோளாறு. ஒர்க்ஷாப்பில் லேத், சக், வெர்னியர் என்று நாள் பூராவும் பேசுகிறோம். அதே லேத்தைப் பற்றி இன்டர்வியூவில் கேட்டால் ஊமையாகிறோம். ஏன்? பக்கத்தில் இருக்கிறவன் சிரிப்பானே என்கிற பயம். யாராவது ரெண்டு வாக்கியம் பேசிவிட்டால் "பீட்டர் விடறான்டா" என்று கத்துகிறோம். நானும் கத்தியிருக்கிறேன். ஊட்டியில் குதிரை ஓட்டுகிற அண்ணன்களைப் பாருங்கள். இலக்கணம் பார்த்தா டூரிஸ்டிடம் பேசுகிறார்கள்? பிழைப்பு நடக்கிறது, தப்பும் தானாகத் திருந்துகிறது. கரையில் நின்றுகொண்டே நீச்சல் பழக முடியுமா?

"அப்போ தமிழ் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். 'டிஸ்கிரிபன்சி'க்கு அர்த்தம் தெரிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. பாட்டிக்குப் புரிகிற தமிழில் அதைச் சொல்லணும், அது மீதிப் பாதி. ஆங்கிலத்தைக் காட்டி நம் ஜனங்களை மிரட்டுகிறவன் படித்தவன் இல்லை.

ஆகவே, மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள். தினமும் ஹாஸ்டலில் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் கூடுவோம். பேங்க் கடிதமோ, மோட்டார் மேனுவலோ, பேப்பர் செய்தியோ, ஏதாவது ஒன்றை ஒருவர் வாசித்துத் தமிழில் சொல்லட்டும். தப்பு வந்தால் திருத்துவோம், சிரிக்க மாட்டோம். லீவுக்கு ஊருக்குப் போகும்போது அவரவர் லைனில் வந்து கிடக்கும் கடிதங்களை வாசித்துக் கொடுப்போம்.

பாட்டியின் பேரைத் திருத்த நானே மனு எழுதினேன். இங்கிலீஷில்தான்! மூன்று தடவை அடித்து எழுதினேன். பணம் இன்னும் வரவில்லை. ஆனால் இப்போது கடிதம் வந்தால் பாட்டி நேராக எங்க வீட்டுக்குத்தான் வருகிறார்.

சிந்திப்போம், தோழர்களே!

— இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், ஓவேலி