ஏரிக்கரையில் கூடாரம் போடலாமா?



போன மாதம் சுவரில் ஒட்டிய தாளில் ‘சுற்றுலா போவோம்’ என்று எல்லாரும் ஊட்டி, கொடைக்கானல் பற்றியே எழுதிட்டீங்க. நான் கொஞ்சம் தூரமா போறேன். அமெரிக்காவில் வடக்கு டகோட்டா என்று ஒரு மாநிலம். அங்கே சகாகவியா ஏரி. எங்க பெரியம்மா மகன் அந்த நாட்டில்தான் வேலை பார்க்கிறார். அண்ணன் அங்கே கூடாரம் போட்டுத் தங்கின படங்களை அனுப்பினார். அதைப் பார்த்துட்டு எனக்கு ஆயிரம் கேள்வி. ஆங்கில டீச்சர்தான் தேடிப் படிச்சு அர்த்தம் சொன்னாங்க.

அது ஏரின்னு பேரே தவிர, அணைக்கட்டு நீர்த்தேக்கம். மிசௌரி ஆத்துக்குக் குறுக்கே காரிசன் அணையைக் கட்டி 1953-ல் ஆத்தை மறிச்சாங்க. மண்ணால் கட்டின அணை, நீளம் 3 கிலோமீட்டருக்கு மேல். நம்ம மேட்டூர் அணையைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு! தேங்கின தண்ணியோட நீளம் சுமார் 286 கிலோமீட்டர். சுத்தி மலை கிடையாது, காடு கிடையாது. கண்ணுக்கு எட்டின வரை புல்வெளி. காத்து அடிச்சா தடுக்க ஒண்ணும் இல்லை. முளையைச் சரியா அடிக்கலைன்னா கூடாரம் பட்டமா பறந்துடும்னு அண்ணன் சொன்னார்.

கூடாரம் இல்லாதவங்க ஆர்.வி. என்ற வண்டியில் வர்றாங்க. அது வண்டி இல்லை, வீடு! கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. நிறுத்துற இடத்தில் மின்சாரப் பெட்டி இருக்கும், ஒயரைச் சொருகிட்டா ஃபேன் ஓடும். கழிவுத் தொட்டியைக் கொண்டுபோய்க் கொட்ட தனி இடம் உண்டு. கண்ட இடத்தில் திறந்துவிட முடியாது. (இதை மட்டும் நம்ம ஊர் டூரிஸ்ட் வேன்காரங்க கத்துக்கணும்.) ஜூன் மாசம் ராத்திரி ஒன்பதரை மணிக்கும் அங்கே வெளிச்சம் இருக்குமாம். வால்-ஐ என்று ஒரு மீன், அதைப் பிடிக்கவே ஆளுங்க வர்றாங்க. குளிர்காலத்தில் ஏரி உறைஞ்சு போகும், பனியில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பாங்க.

கேட்கவே ஆசையா இருக்கு இல்லையா? எனக்கும்தான். ஆனா அந்தத் தண்ணிக்கு அடியில் ஊர்கள் இருக்கு.

மண்டன், ஹிடாட்சா, அரிக்கரா என்று மூணு பழங்குடி மக்கள். ஆத்தங்கரை வண்டல் மண்ணில் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி, சூரியகாந்தி பயிர் செஞ்சவங்க. அதுவும் பெண்கள்தான் விவசாயம் பார்த்தாங்க, தோட்டம் பெண்களோடதுதான்! அணைக்காக அவங்க நிலத்தில் 1,52,360 ஏக்கரை அரசாங்கம் எடுத்துக்கிட்டது. நல்ல விளைநிலம் எல்லாம் அதுக்குள்ளே போச்சு. 325 குடும்பங்கள் மேட்டு நிலத்துக்கு ஏற வேண்டியதாச்சு. எல்போவுட்ஸ் என்ற ஊரில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தது. ஊரோடு முழுகிப் போச்சு. கல்லறைகளைக்கூடத் தோண்டி இடம் மாத்தினாங்க. 1948-ல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது அந்த மக்களோட தலைவர் ஜார்ஜ் ஜில்லெட் முகத்தைக் கையால் மூடிக்கிட்டு அழுத போட்டோ இருக்கு. சுத்தி கோட்டு போட்ட அதிகாரிங்க நிக்கிறாங்க. டீச்சர் போனில் காட்டினாங்க. வகுப்பே சத்தம் போடாம பார்த்தது.

ஏரிக்கு வெச்ச பேரைப் பாருங்க. சகாகவியா ஹிடாட்சா ஊரில் வாழ்ந்த பெண். 1805-ல், லூயிஸ், கிளார்க் என்ற ரெண்டு தளபதிகளோட கூட்டத்தோடு, கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு பசிபிக் கடல் வரை போய் வந்தவர். அப்போ அவருக்குப் பதினாறு வயசு இருக்கலாம். நம்ம பிளஸ் ஒன் அக்காங்க வயசு! யார் நடுவில் வாழ்ந்தாரோ அவங்க நிலத்தையே முழுகடிச்ச தண்ணிக்கு அவர் பேரு. இது மரியாதையா கேலியான்னு எனக்குக் கோபம் வருது.

என் பக்கத்தில் உட்கார்ற தோழி கேட்டாள்: “எழுபது வருஷம் ஆச்சே, நஷ்ட ஈடு கொடுத்தாச்சே, இன்னும் என்ன?” கொடுத்தாங்கதான். 1949-ல் சுமார் 1 கோடியே 26 லட்சம் டாலர். அப்புறம் 1992-ல் மறுபடி 14 கோடியே 92 லட்சம் டாலர் ஒதுக்கினாங்க. முதலில் கொடுத்தது சரியா இருந்தா ரெண்டாவது தடவை எதுக்கு? அரசாங்கமே ஒத்துக்கிட்ட கணக்கை நாம ஏன் மூடி வைக்கணும்?

அணையே வேண்டாம்னு சொல்ல வரலை. 1943-ல் மிசௌரி ஆத்தில் பெரிய வெள்ளம் வந்து கீழே இருந்த ஊருங்க தவிச்சது. இப்போ வெள்ளம் அடங்குது, கரண்டும் கிடைக்குது. ஆனா அந்த மக்கள் வேற ஒரு இடத்தைக் காட்டி, இங்கே கட்டிக்கோங்க, காசு வேண்டாம்னு சொல்லியும் கேட்கலையே! வெள்ளத்தில் இருந்து தப்பிச்சது ஒருத்தர், நிலத்தை விட்டுட்டு ஏறினது இன்னொருத்தர்.

எனக்கு ரொம்ப உறுத்துறது இதுதான். அன்னைக்கு அந்த மக்கள் சிலர் வீட்டையே பேர்த்து வண்டியில் ஏத்தி மேட்டுக்குக் கொண்டுபோனாங்க. இன்னைக்கு அதே கரைக்கு வீட்டு வண்டி வருது. இவங்க லீவு முடிஞ்சதும் திரும்பிப் போக இவங்களுக்குன்னு ஒரு ஊர் இருக்கு.

அதுக்காக, யாரும் அங்கே கூடாரம் போடக்கூடாதுன்னு வகுப்பில் சிலர் சொன்னதை நான் ஒத்துக்க மாட்டேன். போகாம இருந்தா முழுகின ஊர் மேலே வந்துடுமா? போகணும். நாலு நாள் தங்கினா ஒரு நாளாவது நியூ டவுன் போகணும். மேட்டில் புதுசா உண்டான ஊர் அது. அந்த மக்களோட அருங்காட்சியகம் அங்கே இருக்கு. பழைய மாதிரியே மண்வீடுகளைக் கட்டியும் வெச்சிருக்காங்க. அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து வந்த ஆஸ்பத்திரிக்கு எல்போவுட்ஸ் பேரையே வெச்சிருக்காங்க, அதையும் பார்க்கணும்.

இன்னொரு விஷயம். அந்த மூணு குடி மக்களே ஏரிக்கரையில் ஆர்.வி. நிறுத்த இடம் நடத்துறாங்க. அங்கே நிறுத்தினா வாடகை அவங்க கைக்குப் போகும். பக்கத்தில் அவங்களோட சூதாட்ட விடுதியும் இருக்கு. அது எனக்குப் பிடிக்கலை. அதுக்குள்ளே போகாம, கரையில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துட்டு வரலாமே!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு