பெரிய மேளமா, நையாண்டி மேளமா? தீராத வழக்கு!

சங்கரன்கோவில்,
சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகராஜாக்கள் மல்லுக்கு நின்ற ஊர் இது. கோமதி அம்மன் தவம் இருந்தாள். வலது பாதி சிவன், இடது பாதி திருமால் என்று ஒரே உடம்பாகக் காட்சி கிடைத்தது. ஆடித்தபசு அதற்காகத்தான்.

சாமி வழக்கு தீர்ந்துபோச்சு. மேள வழக்குதான் தீரவில்லை!

கோவிலில் வாசித்தால் பெரிய மேளமாம். அம்மன் கொடையில் கரகத்துக்கு வாசித்தால் நையாண்டி மேளமாம். இரண்டிலும் அதே நாதசுரம், அதே தவில். நையாண்டியில் பம்பையும் சேரும்.

வித்தியாசமே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கோவிலில் ராகத்தை நிதானமாக இழுக்கலாம். கரகத்தில் ஆடுகிறவர் காலைப் பார்த்துக்கிட்டே அடிக்கணும். எது லேசு?

ஆனால் "நையாண்டி" என்று முத்திரை விழுந்தால் மரியாதை போச்சு. அங்கே கும்பிடு, இங்கே "ஏய், சினிமாப் பாட்டை எடுத்து விடு!" என்று அதட்டல். கூலி பேசும்போதும் அதே கதை.

காருகுறிச்சி ஊதவில்லையா?

ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், நெல்லைச் சீமையின் காருகுறிச்சி அருணாசலம். 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் ஜானகி பாட்டுக்கு ஆபேரியில் நாதசுரம் வாசித்தவர் அவர்தான். சினிமாவுக்கு ஊதியதால் அவர் கவுரவம் குறைந்ததா? இல்லையே! அதே ஆபேரியை நடுராத்திரி கரகத்தின் முன்னால் ஒருவர் ஊதினால் மட்டும் முகம் சுளிப்பானேன்?

சீமையிலும் இதே ரகளை

இங்கிலாந்தில் 1975-ல் கிளம்பிய 'மோட்டார்ஹெட்' கோஷ்டிக்கும் இந்தத் தலைவலி இருந்தது. மின்சார கிட்டார் காதைப் பிளக்கும். 'ஹெவி மெட்டல்' என்றார்கள் சிலர். அதிலும் 'ஸ்பீடு மெட்டல்' என்றார்கள் வேறு சிலர். 'பங்க்' என்றும் ஒரு கட்சி. தலைவர் லெம்மியோ 2015-ல் சாகிறவரை, வாசிப்பது வெறும் 'ராக் அண்டு ரோல்' என்றே சொல்லி வந்தார். யார் கேட்டார்கள்?

அங்கே அது ரசிகர்களின் பொழுதுபோக்கு. இங்கே மேளக்காரர் வீட்டு உலை.

கொடைக் கமிட்டிக்காரர்கள் ஒன்று செய்யலாம். நோட்டீசில் கரகாட்டக்காரர் பேருக்குப் பக்கத்தில் நாதசுரம், தவில்காரர் பேரையும் போடட்டும். பேசிய பணத்தை விடிகாலையில் இழுத்தடிக்காமல் எண்ணி வைக்கட்டும். பம்பைக்காரரையும் சேர்த்துத்தான்!