தேகப் பயிற்சியும் தேக்கரண்டிப் பொடியும்

சென்ற வாரம் என் மாணவி ஒருத்தியின் தாயார் கண்ணும் கண்ணீருமாக வீட்டுக்கு வந்தார். பெண்ணுக்கு வயது பதினேழு. மாத விலக்கு ஒழுங்காக வருவதில்லை. மோவாயில் ரோமம் அரும்புகிறது. டாக்டரம்மாள் சோதித்துப் பார்த்து, "பி.ஸி.ஓ.எஸ்." என்று சொல்லிவிட்டாராம். அந்த அம்மாளின் பையில் நாட்டு மருந்துக் கடைப் பொட்டலங்கள் ஐந்து இருந்தன.

"டீச்சர், இதில் எதைக் கொடுத்தால் கட்டி கரையும்?" என்றார்.

கரைய வேண்டிய கட்டி எதுவும் அங்கே இல்லை என்பதே விஷயம். 1935-ம் வருஷம் சிகாகோ நகரத்து டாக்டர்கள் ஸ்டைன், லெவென்தால் என்ற இருவர் இந்தக் கோளாறை விவரித்து எழுதினார்கள். கட்டி போல் தோன்றுபவை, முற்ற வளராமல் பாதியில் நின்றுவிட்ட கருமுட்டைப் பைகளே. இக்கோளாறுள்ள பலருடைய சரீரத்தில் இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை. ஆகவே அது மேலும் மேலும் சுரக்கிறது. அந்த மிகுதி சூலகத்தைத் தூண்ட, ஆண்களுக்குரிய சுரப்புகள் அதிகரிக்கின்றன.

தேகப் பயிற்சியின் மகிமை இங்கேதான் விளங்குகிறது. உழைக்கும் தசை, இன்சுலினின் தயவை எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் விரைவான நடை, அதனுடன் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்று 2023-ல் வெளியான சர்வதேச வழிகாட்டி கூறுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கோ தினம் ஒரு மணி நேரம் வேண்டும். எடை குறையாவிட்டாலும் பலன் உண்டு.

அப்படியானால் மூலிகை வீணா? அவ்விதம் சொல்ல மாட்டேன். சர்க்கரை வியாதிக்கும் இக்கோளாறுக்கும் கொடுக்கும் மெட்பார்மின் என்ற மருந்தே, கலேகா என்னும் ஐரோப்பியப் பச்சிலையை ஆராய்ந்ததன் வழியாக வந்ததுதான். ஆனால் அளந்து, சோதித்து, தீமையையும் எழுதி வைத்த பிறகே அது மருந்தாயிற்று. புதினாத் தேநீரை முப்பது நாள் பருகச் செய்த ஒரு சிறு பரிசோதனையில் ஆண் சுரப்பு குறைந்தது. ரோமம் குறைந்ததாக அளவில் தெரியவில்லை. அதிமதுரத்தை அதிகமாக உண்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். கடையில் மலிவாகக் கிடைக்கும் முரட்டு லவங்கப்பட்டையை நாள்தோறும் மிகுதியாகத் தின்றால் ஈரலுக்கு ஆகாது. சமையலுக்கு இடும் அளவு வேறு, மருந்தென்று விழுங்கும் அளவு வேறு. எதைக் கொடுத்தாலும் டாக்டருக்குத் தெரிந்து கொடுங்கள்; அவர் தந்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இவ்வளவையும் உபதேசித்துவிட்டு, "குழந்தையைத் தினம் ஓடியாடச் சொல்லுங்கள் அம்மா" என்று முடித்தேன்.

"எப்போது ஓடுவாள் டீச்சர்? காலையில் டியூஷன், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்புக்கூட இல்லை என்கிறாளே!"

எனக்குச் சுருக்கென்றது. புதன்கிழமை விளையாட்டு வகுப்பை இரண்டு மாதமாக அல்ஜீப்ராவுக்கென்று எடுத்துக்கொண்டிருப்பவள் நான்தான்.

இந்தப் புதன்கிழமை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.