களையும் இல்லை, 'நேச்சரும்' இல்லை

பொகவந்தலாவைப் பக்கம் போய் வந்தவங்க போனைத் திறந்தால் ஒரு படம் கட்டாயம் இருக்கும். பனித்துளியோடு ஒரு சின்ன வெள்ளைப் பூ, பின்னால் மங்கலாகப் பச்சை. கீழே 'நேச்சர்' என்று ஒரு சொல். நானும் போட்டிருக்கிறேன். அதனால் இந்தச் சண்டை முதலில் என்னோடுதான்.

அந்த மங்கலான பச்சை என்ன? தேயிலை மலை. அங்கே எதுவும் சும்மா பூக்கிறதில்லை.

தேயிலைப் பூவையே எடுங்க. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் கொத்து. அழகுதான். ஆனால் ஒழுங்காகக் கொழுந்து எடுத்து, நாலைந்து வருசத்துக்கு ஒருக்கா கவ்வாத்து வெட்டுகிற மலையில் அது அவ்வளவாகப் பூக்காது. கைவிட்டால் செடி மரமாக வளரும், தாராளமாகப் பூக்கும். ஒரு மலை முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தால் அங்கே வேலை நின்று நாளாச்சு என்று அர்த்தம். நமக்கு லைக். அந்த மலையில் 'பேர்' வாங்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கு, போன சம்பளம்.

சரி, செடிக்கடியில் கிடக்கிற பூக்கள்? அதுக்குத் தோட்டம் வைத்த ஒரே பெயர் 'களை'. கோப்பிக் காலத்திலிருந்தே துரைமாருக்கு மலையில் ஒரு புல்லும் நிற்கக் கூடாது. மண் தெரியச் சுரண்ட வைத்தார்கள். மழை வந்து மேல்மண்ணைக் கழுவிக்கொண்டு போனது. சரிவில் அந்த மண்ணைப் பிடித்து வைத்திருந்ததே இந்தச் சின்னச் செடிகளின் வேர்தான்.

அப்புறம் சுரண்டியின் இடத்துக்கு மருந்து வந்தது. 2015 மார்ச்சில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று வகைப்படுத்தியது. அதே வருசம் இலங்கை அதைத் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதித்தது. 2021இல் விவசாய இரசாயன இறக்குமதி முழுவதையும் நிறுத்தி, சில மாதத்திலேயே பின்வாங்கியது. இத்தனை தடவை திறந்து மூடியபோதும் பேச்செல்லாம் விளைச்சல், ஏற்றுமதி, டொலர். மருந்து டாங்கியை முதுகில் சுமக்கிற அண்ணனின் குரல் அதில் எங்கே கேட்டது?

இன்னொன்றும் பேசப்படவில்லை. மணத்தக்காளிக்கும் பொன்னாங்காணிக்கும் பூ வெள்ளைதான், சின்னதுதான். இரண்டும் களைப் பட்டியலில் வரும், இரண்டும் நம்ம வீட்டுச் சட்டியிலும் வரும். ஒரு தடவை நான் மண்டியிட்டுப் படம் எடுக்கும்போது பீலிக்கரையில் நின்ற அம்மாயி சிரித்தாங்க. "அதைப் போயி போட்டா புடிக்கிறியா புள்ள? மணத்தக்காளி அது. கிள்ளிக் குடு, சுண்டி வச்சுர்றேன். மேல மலையில பறிச்சிராத, நேத்துத்தான் மருந்தடிச்சாங்க." எனக்குத் தெரியாத மூன்று விசயம் அந்த ஒரு பேச்சில் இருந்தது: பெயர், பயன், ஆபத்து.

கிட்டப் போய் எடுத்தால் நன்றாகப் பார்த்ததாக ஆகாது. அதுக்கு ஊரிலேயே சாட்சி இருக்கு. முகங்களைக் கிட்டப் போய் எடுப்பதில் உலகப் பேர் வாங்கிய ஜூலியா மார்கரெட் கேமரன் பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலய மயானத்தில்தான் கிடக்கிறார். 1875இல் இலங்கைக்கு வந்தவர் 1879இல் இறந்தார். குடும்பத்துக்கு இங்கே தோட்டங்கள் இருந்தன. இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வினுக்கும் டென்னிசனுக்கும் படத்தில் பெயர் இருக்கு. இலங்கையில் எடுத்த உழைப்பாளிகளில் அநேகருக்குப் பெயர் இல்லை. நம்ம போன் படமும் அந்த வழியில்தான் போகுது. பூவுக்கும் பெயர் இல்லை, அதன் பக்கத்தில் குனிந்து நிற்கிறவருக்கும் இல்லை.

"ஒரு பூவையாவது பூவாகப் பார்க்க விடுங்கப்பா, எல்லாத்திலயும் அரசியலா?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. லயத்துப் பிள்ளைக்கும் அழகை ரசிக்க உரிமை உண்டு. மருந்தை நிறுத்து, எல்லாம் பூக்கட்டும் என்றும் நான் சொல்லவில்லை. மழையில், அட்டைக் கடியில் குனிந்து புல்லு வெட்டுகிற வேலை என்னவென்று வெட்டுகிறவருக்குத்தான் தெரியும். ஆனால் 'களை' தோட்டத்தின் சொல், 'நேச்சர்' சுற்றுலாக்காரரின் சொல். இரண்டுமே அந்த மலையில் வாழ்கிறவர்களைத் தள்ளிவிட்டுத்தான் பூவைப் பார்க்கிறது. நமக்கு எதுக்கு அந்தக் கண்?

அடுத்த தடவை படம் எடுங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்த பிறகு எழும்பி, பக்கத்தில் கொழுந்து எடுக்கிற அம்மாவிடம் "இதுக்கு என்னா பேரு?" என்று கேளுங்க. அந்தப் பெயரை, எந்த மலை என்பதை, அங்கே கடைசியாக எப்ப மருந்தடிச்சாங்க என்பதைப் படத்துக்குக் கீழே எழுதுங்க. அவங்க காலத்தோடு அந்தப் பெயர்கள் போய்விட்டால், பிறகு நமக்கும் அதெல்லாம் வெறும் களைதான்.