இரவல் ஆட்டக்காரன்

என் மகன் போன மாதம் ஐந்தாவது முறையாக வேலை மாறினான். "ஓர் இடத்தில் நிலையாக இருக்கத் தெரியாதா உனக்கு?" என்று போனில் கத்திவிட்டேன். பதில் பேசாமல் வைத்துவிட்டான். புதுச்சேரி அரசில் 36 வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு வேறென்ன பேசத் தெரியும்?

கால்பந்து பார்ப்பதிலும் எனக்கு இதே புத்திதான். ஒரே கிளப்பில் ஆடி ஓய்வு பெறுகிறவனைத்தான் பிடிக்கும். ஊர் ஊராகப் போய் ஆடுகிறவனைப் பார்த்தால் 'மெர்சனேர்' என்பேன். பள்ளியில் படித்தது பிரெஞ்சு மீடியம். அந்தச் சொல்தான் முதலில் வாயில் வரும். கூலிப்படைக்காரன் என்று அர்த்தம். இப்போது அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காரணம், செபாஸ்தியான் அப்ரேயு.

உருகுவே நாட்டுக்காரர். 1990களின் நடுவில் ஆடத் தொடங்கி 2021-இல் 44 வயதில் ஓய்வு பெற்றார். இடையில் 11 நாடுகள், 30-க்கும் மேற்பட்ட கிளப்புகள். அர்ஜென்டினா, மெக்சிகோ, கிரீஸ், இஸ்ரேல், எல் சால்வடோர் என்று போய்க்கொண்டே இருந்தார். 2017 கடைசியில் சிலியில் 26-வது கிளப்பில் சேர்ந்தபோது அது கின்னஸ் சாதனை ஆனது.

சிரிப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். 1998-இல் ஸ்பெயினின் தெபோர்த்திவோ லா கொருஞா அவரை வாங்கியது. அங்கே நிலைக்கவில்லை. கிளப் அவரை விட்டுவிடவும் இல்லை. ஒப்பந்தத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு பிரேசில், மெக்சிகோ, அர்ஜென்டினா, உருகுவே என்று பல வருஷம் மாற்றி மாற்றி அனுப்பியது. இப்படிப் போகிறவனைப் பிரெஞ்சில் 'ப்ரெத்தே' என்பார்கள், இரவல் கொடுக்கப்பட்டவன். நம் ஆபீஸ் பாஷையில் டெபுடேஷன். ஆனால் டெபுடேஷன் முடிந்தால் எங்களுக்குப் பழைய நாற்காலி காத்திருக்கும். அவருக்கு?

நிரந்தர இடம் கொடுத்துவிட்டு விசுவாசம் கேட்டால் நியாயம். ஒரு சீசனுக்குக் கையெழுத்து, முழங்கால் போனால் அதோடு சரி என்று இருப்பவனிடம் கேட்பது என்ன நியாயம்? என் விசுவாசத்துக்கு ஒன்றாம் தேதிச் சம்பளமும் பென்ஷனும் காவல் இருந்தன. அதில் நான் பெருமை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

அலைகிறவனுக்கு வேலையில் பற்று இராது என்பார்கள். 2010 ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க். உலகக் கோப்பைக் கால் இறுதி. கானாவுக்கு எதிரே கூடுதல் நேரம் முடிந்தும் 1-1. பெனால்டியில் உருகுவேயின் ஐந்தாவது உதை அப்ரேயுவுக்கு; அடித்தால் அரை இறுதி. கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய, இவர் பந்தைப் பூப்போலத் தூக்கி நடுவில் போட்டார். எனக்கு அன்று அது கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. அவருடைய பட்டப்பெயரே 'லோக்கோ', அதாவது கிறுக்கன். பிறகுதான் அறிந்தேன்: அந்த ஏப்ரலில் பொத்தாஃபோகோ கிளப்புக்காக, ஃபிளமெங்கோவுக்கு எதிரே, இதே உதையைப் போட்டிருக்கிறார். கூலிக்கு ஆடிய இடத்தில் செய்ததைச் சொந்த நாட்டுக்கும் செய்தார்.

போன இடமெல்லாம் அவருக்குப் புது ஆட்கள், புதுப் பயிற்சியாளர். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பேர் வாங்க வேண்டும். நான் அதை ஒரே ஒரு தடவைதான் செய்தேன், 22 வயதில்.

இன்று மாலை மகனுக்குப் போன் செய்யப் போகிறேன். புது ஆபீஸ் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பேன்.