எந்தக் கப்பலில் ஏறுவது?

அன்புள்ள வாசகர்களுக்கு,

கோடை விடுமுறை நெருங்கினால் நமக்கு வரும் கடிதங்களில் மலையும் கோயிலும் ரயில் டிக்கெட்டும்தான் இடம்பிடிக்கும். இப்போது கப்பலும் சேர்ந்துகொண்டது. "குடும்பத்தோடு க்ரூஸ் போகலாம் என்றிருக்கிறோம். எந்தக் கம்பெனி நல்லது?" என்று பலர் கேட்கிறீர்கள்.

கம்பெனியைப் பிறகு பார்ப்போம். கப்பலுக்காகப் போகிறீர்களா, கரைக்காகப் போகிறீர்களா? வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இதை முதலில் பேசி முடித்துவிடுங்கள். பாட்டு, நடனம், நீச்சல்குளம், வேளைக்கு வேளை விதவிதமான சாப்பாடு என்று கப்பலே ஊராக இருக்க வேண்டும் என்பவர் ஒரு ரகம். ராத்திரி தூங்கி எழுந்தால் புது ஊர் வந்திருக்க வேண்டும், இறங்கி நடக்க வேண்டும் என்பவர் இன்னொரு ரகம். முதல் ரகத்தாருக்கான கப்பலில் இரண்டாம் ரகத்தார் ஏறினால், காசும் போய் மனசும் வாடும்.

நமக்குப் பக்கத்துக் கதையையே எடுத்துக்கொள்வோம். சென்னைத் துறைமுகத்தில் ஏறிப் போன க்ரூஸ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கார்டிலியா கம்பெனியின் 'எம்ப்ரஸ்'. 1990-இல் பிரான்சின் சான் நசேரில், ராயல் கரீபியன் கம்பெனிக்காகக் கட்டிய கப்பல் அது. 2021-இல் மும்பையிலும் 2022 ஜூனில் சென்னையிலும் சேவை தொடங்கியது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நின்று வந்தது. நம் புதுச்சேரிக் கதிர்காமத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? அம்பாந்தோட்டைக்கு அருகில்தானே இலங்கையின் அந்தக் கதிர்காமம்! அங்கே முருகனைக் கும்பிட்டு, திருகோணமலையில் கோணேசரைப் பார்த்து, காங்கேசன்துறையிலிருந்து நல்லூரையும் தொட்டுவிட்டு வரலாம் என்று எத்தனையோ பேருக்கு ஆசை வந்திருக்கும்.

இப்படிக் கோயிலை நினைத்துக் கப்பலேறுகிறவர்கள் விளம்பரத்தில் பார்க்க வேண்டியது படங்களை அல்ல, மணி நேரத்தை. கப்பல் எத்தனை மணிக்குக் கரையணைகிறது, எத்தனை மணிக்குள் திரும்பி ஏற வேண்டும்? இடையில் குடிவரவுச் சோதனைக்கும் வேனுக்கும் போகிற நேரத்தைக் கழித்துப் பாருங்கள். மிச்சமிருப்பது பூசை நேரத்தோடு ஒத்துவருகிறதா? வரவில்லை என்றால் அந்தப் பயணம் உங்களுக்கானது அல்ல. கப்பல் கம்பெனியே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போனால் தாமதமானாலும் பொதுவாகக் காத்திருப்பார்கள். தனியாக வேன் பிடித்துப் போனவருக்காகக் கப்பல் நிற்காது.

எம்ப்ரஸ் புதுச்சேரிக்கு வந்த கதை வேறு. 2022-இல் கப்பலில் சூதாட்டக் கூடம் இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, பயணிகள் இங்கே இறங்காமலே கப்பல் திரும்பியது. 2025 ஜூலையில் மறுபடி வந்தது. நம் துறைமுகத்தில் அவ்வளவு பெரிய கப்பல் அணைய ஆழம் இல்லை. கடலில் நங்கூரம் போட்டு, சிறு படகுகளில் பயணிகளை அழைத்து வந்தார்கள். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப்பிள்ளை காலத்தில் சலங்குப் படகில் ஏற்றி இறக்கியதும் இதே காரணத்தால்தான். இந்தப் படகு விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அலையில் ஏறி இறங்கும் படகிலிருந்து கால் எடுத்து வைக்க முழங்காலில் பலம் வேண்டும். அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள், எந்தெந்த ஊரில் நேராகக் கரையணையும், எங்கே படகு என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பணம் கட்ட வேண்டும்.

சூதாட்டக் கூடம் வேண்டாம் என்று நினைப்பவர்களும் நம்மிடையே நிறைய. டிஸ்னி கப்பல்களில் சூதாட்டக் கூடமே கிடையாது, குழந்தைகளோடு போக ஏற்றது. வைக்கிங் கப்பல்களிலும் கிடையாது, ஆனால் அங்கே 18 வயது ஆகாதவர்களை ஏற்ற மாட்டார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிக்கு அந்த அமைதி பிடிக்கும்.

நெரிசலை முன்கூட்டியே அறிய ஒரு கணக்கு உண்டு. கப்பலின் மொத்த டன் அளவைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். இந்த டன் எடை அல்ல, உள்ளிடத்தின் அளவு. எம்ப்ரஸ் சுமார் 48,500 டன். அறைக்கு இருவர் என்றால் ஏறக்குறைய 1,600 பேர். கணக்கு 30 வரும். குயீன் மேரி 2 கப்பலுக்கு இதே கணக்கு 55-ஐ ஒட்டி வரும். எண் கூடக் கூடக் காலாற நடக்க இடம் அதிகம், கட்டணமும் அதிகம். கல்யாண வீட்டுக் கலகலப்பை விரும்பும் பெரிய குடும்பத்துக்கு 30 தாராளம் என்பேன்.

பிரான்சில் சொந்தபந்தம் உள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மார்செய் துறைமுகத்தில் எம்.எஸ்.சி., கோஸ்டா இரண்டு கம்பெனிக் கப்பல்களிலும் ஏறலாம். தினம் ஓர் ஊர் என்று மத்தியதரைக் கடலைச் சுற்றும் பயணங்கள் அவர்களிடம் நிறைய, கரைப் பிரியர்களுக்கு ஏற்றவை. ஆனால் ஒரே வீட்டில் அண்ணனிடம் பிரெஞ்சுப் பாஸ்போர்ட், தம்பியிடம் இந்தியப் பாஸ்போர்ட் என்பது நம்மூரில் சகஜம். கப்பல் வழியில் துனிஸுக்குப் போய்த் திரும்பினால், ஒரு முறை மட்டும் நுழையலாம் என்கிற ஷெங்கன் விசா தம்பிக்குப் போதாது. பலமுறை நுழையும் விசா கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

கேளிக்கை எதுவும் வேண்டாம், கடலும் தீவும் போதும் என்பவர்களுக்குக் கொச்சியிலிருந்து லட்சத்தீவு நிர்வாகம் நடத்தும் 'சமுத்திரம்' பயணத்தைச் சிபாரிசு செய்வேன். பகலில் தீவு, இரவில் எம்.வி. கவரத்தி கப்பல்.

நம் முன்னோருக்கு இந்தத் தேர்வெல்லாம் இல்லை. புதுச்சேரியிலிருந்து சைகோன் போக மெஸாஜரி மரித்தீம் கம்பெனிக் கப்பல், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போக 'ரஜூலா' என்று கிடைத்த கப்பலில் பிழைப்புக்காக ஏறினார்கள். நமக்குத் தேர்ந்தெடுக்க வாய்த்திருக்கிறது. அவசரப்படாமல் தேர்ந்தெடுப்போம்.

விளம்பரக் கட்டணத்தோடு துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., ஊழியர் சேவைத் தொகை எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடல் பயணம் வேண்டாம், அது புயல் காலம். போய்த் திரும்பியவர்கள் நமக்கு எழுதுங்கள்: எந்த ஊரில் எத்தனை மணி நேரம் கரையில் இருந்தீர்கள், பெரியவர்கள் எப்படி ஏறி இறங்கினார்கள் என்று. அடுத்துப் போகப்போகிறவர்களுக்காக அவற்றை வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்
கதிர்காமம், புதுச்சேரி